புதைத்தவனும் பறிகொடுத்தவனும்



"ஐயா, பங்குச்சந்தையில் பணம் போடுவது பாவமா?" கடந்த சில ஆண்டுகளாக வீட்டு ஜெபங்கள் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், பெரும்பாலும் தாழ்ந்த குரலில், இக்கேள்வி என்னிடம் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் இரு வகையினர். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு வகை. மகனோ மருமகனோ கைபேசியில் ஏதோ வாங்கி விற்பதைக் கண்டு கலங்கியவர்கள். வாலிபர்கள் மற்றொரு வகை. ஏற்கெனவே பணத்தைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஓர் ஆசீர்வாதத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள். பெரியவர்களுக்கு 'ஆம், பாவம்' என்ற பதில் வேண்டும். வாலிபர்களுக்கு 'இல்லை' என்ற பதில் வேண்டும். இருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: வாங்கியது என்ன என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியுமா? சொன்னவர்கள் மிகச் சிலர்.

ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு துண்டு. நான்கு சகோதரர்கள் சேர்ந்து மளிகைக் கடை நடத்தினால் ஆளுக்குக் காற்பங்கு இருப்பதுபோல, ஒரு பெரிய ஆலையின் உரிமை கோடிக்கணக்கான சிறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆலை லாபம் ஈட்டினால் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கிடைக்கலாம். ஆலை வளர்ந்தால் பங்கின் விலையும் காலப்போக்கில் உயரும். ஆலை நொடித்தால் போட்ட பணம் போய்விடும். 1875-இல் பம்பாய்த் தரகர்கள் ஒரு சங்கமாகக் கூடிய நாள்முதல் இந்த அடிப்படை மாறவில்லை. ஒருவருடைய சேமிப்பு மற்றொருவருடைய தொழிலுக்கு முதலாகிறது. இதில் சூது என்று சொல்ல நான் எதையும் காணவில்லை.

ஆனால் அதே செயலியில், இரண்டு விரல் அசைவு தள்ளி, வேறோர் அறை இருக்கிறது. வாரம் முடிவதற்குள் குறியீட்டெண் ஏறுமா இறங்குமா என்பதன்மேல் அங்கே ஒப்பந்தங்கள் விற்கப்படுகின்றன. 'எஃப் அண்ட் ஓ' என்றும் 'ஆப்ஷன்' என்றும் நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். விலை ஏற்ற இறக்கத்தினின்று தங்கள் சரக்கையோ முதலீட்டையோ காத்துக்கொள்ள விரும்புவோருக்காக உண்டான ஏற்பாடு இது. அப்பயன் இன்றும் உண்டு. காத்துக்கொள்ள எதுவுமே இல்லாத ஒருவன் அதை வாங்கும்போதோ, அவன் இழந்தது எதிரில் இருப்பவனுக்கு லாபமாகிறது. இடையில் தரகும் வரியும் கழிகிறது. எந்த ஆலையிலும் ஒரு நூல்கூட நெய்யப்படுவதில்லை. இதற்கும் சூதுக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்க ஆயத்தமாயிருக்கிறேன்.

இவ்வறையில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள். செலவுகளையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அப்பணம் எங்கே போயிற்று? கணினி நிரல்களைக் கொண்டு நொடிக்குள் வாங்கி விற்கும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் அதே சந்தையில் லாபம் பார்த்தார்கள். அடுத்த நிதியாண்டான 2024-25-இலும் 91 விழுக்காட்டினர் இழந்தார்கள். அந்த அறிக்கையில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை வேறு இரண்டு விவரங்கள். இதில் ஈடுபட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, அவர்கள் நம் வாலிபர் ஐக்கியத்தின் பிள்ளைகள்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். செபி 2025-இல் வெளியிட்ட முதலீட்டாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 63 விழுக்காடு பங்குச்சந்தை சார்ந்த ஏதேனும் ஒரு முதலீட்டைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கின்றன. உண்மையில் பணம் போட்டிருப்பவை 9.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் ஏன் விலகி நிற்கிறார்கள்? பயம் என்பார்கள். பணமில்லை என்பதும் பலருக்கு உண்மையே. ஆனால் போதிய வருமானமும் கல்வியும் உள்ளவர்களுங்கூட விலகி நிற்பது ஏன் என்று நெதர்லாந்துக் குடும்பங்களிடையே அன்னாமரியா லுசார்டி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். பணத்தைப்பற்றிய அடிப்படை அறிவு குறைந்தவர்கள் பங்குகளின் பக்கம் வருவது மிகக் குறைவு என்பதே அவர்கள் கண்டது. நம் நாட்டில் 2019-இல் தேசிய நிதிக் கல்வி மையம் நடத்திய கணக்கெடுப்பில், நிதி அறிவின் குறைந்தபட்ச அளவை எட்டியவர்கள் நூற்றுக்கு 27 பேர். அப்படியிருக்க, 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தொட்ட டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-இல் 20 கோடியைக் கடந்தது. ஒருவரே இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருப்பதுண்டு என்பதைக் கழித்தாலும், மூன்றே ஆண்டுகளில் கணக்கு இரட்டித்ததுபோல அறிவும் இரட்டித்தது என்று யார் சொல்லத் துணிவார்?

நான் சொல்ல விரும்புவது இதுவே. பணத்தைப்பற்றிய அறியாமை ஒருவரைச் சந்தைக்கு வெளியே நிறுத்துகிறது என்பது பாதி உண்மை. அதே அறியாமை இன்னொருவரைத் தவறான அறைக்குள் ஓட்டிச் செல்கிறது. ஒரே வீட்டில் தகப்பன் பயந்து, மொத்தச் சேமிப்பையும் சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருப்பார். மகன் பயமறியாமல் ஆப்ஷன் வாங்கிக்கொண்டிருப்பான். தகப்பன் தன்னை ஜாக்கிரதையானவர் என்று எண்ணுகிறார், மகன் தன்னைக் கற்றவன் என்று எண்ணுகிறான். இருவரையும் எதிரெதிர்த் துருவங்கள் என்று உறவினர் பேசிக்கொள்வார்கள். எனக்கோ இருவருக்கும் இல்லாதது ஒன்றே என்று தோன்றுகிறது.

தாலந்துகளின் உவமையை நாம் எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். ஒரு தாலந்து என்பது கூலியாள் ஒருவனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுச் சம்பளம், சிறு தொகையன்று. அதை வாங்கிய ஊழியன் பயந்து மண்ணில் புதைத்தான். அவனைக் கடிந்துகொள்ளும் எஜமான், குறைந்தபட்சம் வட்டிக்காவது விட்டிருக்கலாமே என்று கேட்பதையும் நாம் அறிவோம். ஆனால் உவமையின் தொடக்கத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். எஜமான் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. அவரவரால் கையாளக்கூடிய அளவறிந்து கொடுத்தார். பெருக்கிய இருவரும் கொடுக்கல் வாங்கலில் இறங்கி உழைத்தே பெருக்கினார்கள். அக்கதையில் நான்காம் ஊழியன் ஒருவன் இல்லை: தன்னால் கையாள முடியாததை வாங்கி, எவனோ சொன்னதைக் கேட்டு, ஒரே வாரத்தில் பறிகொடுத்தவன். அவன் உவமையில் இல்லாவிட்டாலும் நம் சபைகளில் இருக்கிறான். மனைவியின் நகையை அடகுவைத்த சீட்டைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். உக்கிராணத்துவத்தைப்பற்றிய நம் பிரசங்கங்கள் காணிக்கையோடும் தசமபாகத்தோடும் நின்றுவிடுவதால், அவனுக்குப் பேச வார்த்தை கிடைப்பதில்லை.

இனி நம்மிடத்தில் மட்டும் காணப்படும் ஒரு சங்கடம். இத்தாலியப் பொருளாதார அறிஞர் மூவர், பிறரை நம்பத் தயங்குகிறவர்கள் பங்குகளை வாங்கவும் தயங்குகிறார்கள் என்று 2008-இல் எழுதிக் காட்டினார்கள். நம் நிலையோ விசித்திரமானது. செபியையும் வங்கியையும் நாம் நம்புவதில்லை; 'நம்ம சபை விசுவாசி' என்றால் ஒரு கையெழுத்தும் வாங்காமல் ஐந்து லட்சத்தை எண்ணிக் கொடுக்கிறோம். நல்ல குரலில் பாடுகிறார், உபவாச ஜெபத்துக்கு முதலில் வருகிறார் என்பவையெல்லாம் பணத்தைக் கையாளும் திறமைக்குச் சான்றுகளாகிவிடுகின்றன. மாதம் பத்து விழுக்காடு தருவதாகச் சொல்லும் திட்டங்கள் சபைக்குள் நுழைவது இவ்வழியேதான். முதல் இரண்டு மாதம் பணம் வரும். அதைப் பெற்றவர் சாட்சி சொல்லுவார். அந்தச் சாட்சியைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் போடுவார்கள். பின்வந்தவர்களின் பணத்தையே முன்வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது அலுவலகம் பூட்டப்பட்ட பிறகு தெரியவரும். பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் 2012-இல் எப்படி முடிந்தன என்பதைக் கொங்குநாட்டுச் சபைகளைக் கேட்டால் சொல்வார்கள். இத்தகைய மோசடிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் இழந்தவர் தம் பணத்தைத் திரும்பக் காண ஆண்டுகள் பல ஆகின்றன.

இதை எட்டாம் வகுப்புக் கணக்கு தடுத்திருக்கும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மாதம் பத்து விழுக்காடு கிடைத்து அதையும் அதிலேயே போட்டுவந்தால், 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் 3 லட்சத்து 13 ஆயிரமாகிறது. ஐந்தாண்டில் 3 கோடியைத் தாண்டுகிறது. இத்தகைய வித்தை அறிந்த ஒருவருக்கு உங்கள் ஓய்வூதியப் பணம் எதற்கு? வங்கியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கடன் வாங்கி, தம் ஊரையே விலைக்கு வாங்கிவிடலாமே. நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில், 'நூற்றுக்கு இரண்டு ரூபாய்' என்று பேசிப் பழகியதால், அது ஆண்டுக்கு 24 என்பது பலருக்கு உறைப்பதில்லை. வாங்கும் கடனிலும் உறைப்பதில்லை, கொடுக்கும் பணத்திலும் உறைப்பதில்லை.

லுசார்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் பல நாடுகளில் கேட்டுவரும் மூன்று எளிய கேள்விகள் உண்டு. வட்டி எப்படி வட்டியின்மேல் ஏறுகிறது? விலைவாசி ஏறும்போது பணத்துக்கு என்ன நேர்கிறது? ஒரே நிறுவனத்தின் பங்கில் எல்லாவற்றையும் போடுவது பத்திரமா, பலவற்றில் பகிர்ந்து போடுவது பத்திரமா? முதலாவதை மேலே கண்டோம். இரண்டாவதற்கு, நான் சொன்ன அந்தத் தகப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் 3 விழுக்காட்டில் விட்டால் பத்தாண்டில் 1,34,000 ரூபாய்க்குச் சற்று மேலாகும். அதே பத்தாண்டில் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்று 1 லட்சத்துக்கு வாங்குவதை அன்று வாங்க 1,79,000 ரூபாய் வேண்டும். ஒரு ரூபாயும் திருடுபோகவில்லை; பாஸ்புத்தகத்தில் தொகை கூடியேயிருக்கிறது; ஆனாலும் அவர் நால்வரில் ஒரு பங்கை இழந்துவிட்டார். புதைத்துவைப்பது பத்திரம் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது. மூன்றாவது கேள்வியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளதை ஏழெட்டுப் பங்காகப் பிரித்துவைக்கும் யோசனை பிரசங்கியின் புத்தகத்தை வாசித்தவர்களுக்குப் புதிதன்று. பரஸ்பர நிதி என்னும் மியூச்சுவல் ஃபண்ட், அதிலும் குறியீட்டெண்ணை அப்படியே பின்பற்றும் குறைந்த செலவுத் திட்டங்கள், செய்வது இதைத்தான்.

அப்படியானால் பரஸ்பர நிதியில் நஷ்டம் வராதோ என்றால், வரும். 2008 ஜனவரியில் 20,000-ஐத் தாண்டி நின்ற சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 9,000-க்குக் கீழே விழுந்தது. 2020 மார்ச் 23-ஆம் நாள், கொரோனா அச்சத்தில், ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்து 26,000-க்குக் கீழே வந்தது. அவ்வாண்டு முடியுமுன் 47,000-ஐக் கடந்தது. பொறுத்திருந்தவர் இழக்கவில்லை, அந்த ஏப்ரலில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றே ஆகவேண்டியிருந்தவர் இழந்தார். எனவே ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். கந்து வட்டியோ, நகைக் கடனோ, கடன் அட்டை நிலுவையோ இருப்பவர்கள் அதை அடைப்பதே முதல் முதலீடு. 24 விழுக்காட்டுக் கடனை அடைப்பதற்கு ஈடான உறுதியான லாபத்தைத் தரும் பங்கை நான் அறியேன். மருத்துவக் காப்பீடு அடுத்தது. சில மாதச் செலவுக்கான கைப்பணம் அதற்கடுத்தது. இவை முடிந்த பிறகே பங்கு. நம் சபையில் அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் பல இம்மூன்றாவது படிக்கே வராமலிருக்கின்றன. அவர்களிடம் பங்கு வாங்கவில்லையே என்று கேட்பவர் யாராயினும் அவருக்கு ஏழையின் வீட்டுக் கணக்குத் தெரியாது. பங்குகளை ஆசீர்வாதத்தின் அடையாளமாக்கிப் பேசும் பிரசங்கத்தையும் நான் ஏற்பதில்லை.

கற்றவர்கள் என்று எண்ணிக்கொள்ளும் வாலிபருக்கும் ஒரு சொல். பொத்தானை எப்படி அழுத்துவது என்று அறிவதும், மெழுகுவர்த்திபோல் வரையப்பட்ட வரைபடத்தை வாசிப்பதும் நிதி அறிவாகாது. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை ஒரு தரகு நிறுவனத்தின் 66,000-க்கும் மேற்பட்ட குடும்பக் கணக்குகளை பார்பர், ஓடீன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு தந்த அக்காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் பெற்றது 11.4 விழுக்காடு. அவர்களுடைய மற்றோர் ஆய்வில், ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு அதிகமாக வாங்கி விற்று, அதனாலேயே தங்கள் லாபத்தை அதிகமாகக் குறைத்துக்கொண்டதும் தெரியவந்தது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் இதை வாசித்துப் புன்னகைப்பார்கள், புன்னகைக்கட்டும். வீட்டுச் செலவைப் பைசா பிசகாமல் நடத்தும் அவர்களிடம் முதலீட்டு முடிவைக் கேட்காமல் எடுக்கும் வழக்கமும் நம் வீடுகளில் ஒழியட்டும்.

சபையாக நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சபையின் வாட்ஸ்ஆப் குழுவில் எந்த முதலீட்டுத் திட்டமும், எந்தப் பங்கின் பெயரும் இனி பகிரப்படலாகாது. பகிர்பவர் மூப்பராயிருந்தாலும் சரி, என் உறவினராயிருந்தாலும் சரி. ஆலோசனை சொல்லிப் பணம் பெறுகிறவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பதிவில்லாதவர் டெலிகிராமில் எத்தனை லாபக் கணக்கைக் காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். இழந்தவர்கள் வெட்கத்தால் ஆராதனைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். இழந்ததை ஒரே நாளில் மீட்க மறுபடியும் கடன் வாங்குவதைவிட, வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது எளிது. சொல்வதற்குத் துணை வேண்டுமென்றால் என்னை அழையுங்கள். உடன் வந்து உட்காருகிறேன்.

அடக்க ஆராதனைகளுக்குப் பின் நான் அடிக்கடி காணும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கணவர் எங்கே என்ன வைத்திருந்தார் என்பது மனைவிக்குத் தெரிவதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், திருமணத்துக்கு முன், தாயின் பெயரை நாமினியாகக் கொடுத்து அப்படியே விட்டவர்கள் பலர். நாமினியாயிருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளராகிவிடுவதில்லை. பங்குகளிலும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம்மில் ஒருவர் உயில் எழுதாமல் மரித்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கும் சேரும். இதை அறியாமல் மாமியாரும் மருமகளும் துக்க வீட்டிலேயே பகைத்துக்கொள்கிறார்கள். ஈவுத்தொகை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கோரப்படாத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகின்றன. பின்னும் விண்ணப்பித்து மீட்கலாம், ஆனால் அதற்கு அலைய வேண்டியிருக்கும். ஆகவே இந்த வாரத்தில் ஒரு மாலை, கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, வங்கி, காப்பீடு, டீமேட், சீட்டு, கொடுத்த கைமாற்று ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாமினி யாரென்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். பலர் இத்தகைய தாளைக் குடும்ப வேதாகமத்துக்குள் வைக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற எல்லாரும் எடுத்துப் புரட்டும் புத்தகம் அது, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.